இங்கிலாந்தில் ஒரு நாளில் போய்வரும் ஊர்கள்: சர்ச்சுகள், எழுத்தாளர் வீடுகள், கல்லறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெடிங்கில் பல வருஷங்களாக இருக்கிறோம். கோடை வந்தால் யாராவது ஒருவரின் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருப்பார்கள். லண்டன் பார்த்து முடித்த பிறகு "வேறே எங்கே கூட்டிப் போகலாம்?" என்று கேட்பார்கள். இந்த ஊர்களுக்கு நான் திரும்பத் திரும்பப் போகிறவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலும் சேர்த்திருக்கிறேன்.

ஒரே நாள்ல ஆக்ஸ்ஃபர்டு, ஸ்ட்ராட்ஃபர்டு, பாத் மூணும் பார்த்துடலாமா?

கார் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். இறங்கி நடந்து பார்க்க முடியாது. ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும். அந்த ஊரிலும் முதலில் சர்ச்சுக்குப் போங்கள் என்பேன். அந்த ஊரில் யார் பிறந்தார்கள், யார் போரில் செத்தார்கள், யாரிடம் பணம் இருந்தது, எந்த வருஷம் வெள்ளம் வந்தது என்பதெல்லாம் சர்ச்சின் சுவரிலும் தரையிலும் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வந்தால் ஊர் வேறு மாதிரி தெரியும்.

நாங்க கிறிஸ்தவங்க இல்லையே, உள்ளே விடுவாங்களா? செருப்பைக் கழற்றணுமா?

தாராளமாக விடுவார்கள். மதம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. வாசலில் ஒரு பெரியவரோ அம்மாவோ நின்று "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று விசாரிப்பார்கள். பேச்சுக் கொடுங்கள், புத்தகத்தில் இல்லாத ஒரு கதையாவது கிடைக்கும். செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரியாதை. வழிபாடு நடக்கும்போது மட்டும் சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது. பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து கேட்கலாம்.

உள்ளே போகக் காசு வாங்குவாங்களா?

ஊர்ச் சர்ச்சுகளுக்குக் கட்டணம் இல்லை. கதவருகே உண்டியல் இருக்கும், முடிந்ததைப் போடுங்கள். அந்தக் கூரையெல்லாம் ஊர்க்காரர்கள் திரட்டும் பணத்தில்தான் நிற்கிறது. கதீட்ரல்களில் (பிஷப்பின் தலைமைச் சர்ச்சுகள்) வின்செஸ்டர், கான்டர்பரி போன்றவை கட்டணம் வாங்கும். ராச்செஸ்டர், டரம் வாங்குவதில்லை.

ஆனால் எந்தக் கதீட்ரலிலும் மாலை வழிபாட்டுக்குக் கட்டணம் கிடையாது. ஈவன்சாங் என்பார்கள். வார நாட்களில் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை மணிக்கு நடக்கும். பாடகர் குழு பாடும்போது அந்தக் கல் கூரை முழுக்க ஒலி பரவும். பள்ளி விடுமுறையில் குழுப் பிள்ளைகளுக்கும் விடுமுறை என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் டிக்கெட்டைப் பார்த்தாலே மயக்கம் வருது. குறைக்க வழி இருக்கா?

இருக்கிறது. வார நாளில் காலை ஒன்பதரைக்குப் பிறகு கிளம்பினாலே விலை நன்றாக இறங்கும். அறுபது வயதானவர்களுக்கு சீனியர் ரயில்கார்டு உண்டு, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதற்கு இந்த நாட்டுக் குடியுரிமை தேவையில்லை, வயதைக் காட்ட பாஸ்போர்ட் போதும். கணவன் மனைவி இருவராகப் போனால் டூ டுகெதர் கார்டு. மூன்று பேர் முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால் குரூப்சேவ் என்ற சலுகை பல தடங்களில் கிடைக்கும். அதற்குக் கார்டே வேண்டாம்.

சனி ஞாயிறுதான் லீவு. ஞாயிறு போகலாமா?

போகலாம், ஆனால் கவனமாக. தண்டவாள வேலை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். பாதி வழியில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். ஒருமுறை மாமனாரையும் மாமியாரையும் அப்படி ஒரு ஞாயிறு கூட்டிப் போய், போக மூன்று மணி நேரம், திரும்ப மூன்றரை மணி நேரம் ஆனது. ஊரில் இருந்தது ஒன்றரை மணி நேரம்தான். அப்புறம், சிற்றூர்களுக்கு ஞாயிறு பஸ்ஸே இல்லாமல் போகலாம். சர்ச்சிலும் காலையில் வழிபாடு நடக்கும்.

சனிக்கிழமை நல்லது, ஆனால் மதியத்தில் கல்யாணம் இருந்தால் சர்ச்சுக்குள் போக முடியாது. என்னைக் கேட்டால் ஒரு வியாழனோ வெள்ளியோ லீவு போடுங்கள். ஜூனில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். டிசம்பர் 25 அன்று ரயிலே ஓடாது.

முதல் தடவை. ஒரே ஒரு ஊர் சொல்லுங்க, அதுக்குப் போறோம்.

வின்செஸ்டர். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து கதீட்ரலுக்கு நடந்தே போகலாம். உள்ளே இடப்பக்க நடைபாதையில், தரையில் ஒரு கறுப்புக் கல். அதுதான் ஜேன் ஆஸ்டின். 1817 ஜூலை 18 அன்று 41 வயதில் இறந்தார். கல்லில் அவருடைய நற்குணமும் அறிவும் சொல்லப்பட்டிருக்கிறது, நாவல் எழுதியவர் என்று ஒரு சொல் இல்லை. 1872-இல்தான் பக்கத்துச் சுவரில் பித்தளைத் தகடு வைத்து அவர் எழுத்தாளர் என்பதைச் சேர்த்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். நடுவில் ஐம்பத்தைந்து வருஷம் இருக்கிறது.

பின்பக்கம் காலேஜ் தெருவில் அவர் உயிர்விட்ட வீடு இருக்கிறது, வெளியிலிருந்து பார்க்கலாம். அந்தக் காலத்தில் பெண்கள் இறுதி ஊர்வலத்தில் போவதில்லை. அக்கா கசாண்ட்ரா அந்த வீட்டிலிருந்தே, சிறிய ஊர்வலம் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்ததைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த வாசலில் நின்று தெருமுனையைப் பாருங்கள், தூரம் கொஞ்சம்தான். கதீட்ரலுக்குள் இன்னொருவரையும் தேடுங்கள்: வில்லியம் வாக்கர். 1900-களின் தொடக்கத்தில் அஸ்திவாரம் சேற்றில் இறங்கிக் கட்டடம் பிளந்தபோது, 1906 முதல் 1911 வரை முக்குளிப்பு உடையில் தண்ணீருக்குள் இறங்கி, கண் தெரியாத இருட்டில் கையால் தடவித் தடவி கான்கிரீட் மூட்டை அடுக்கியவர்.

அப்புறம் ஆற்றோரம் தெற்கே ஒரு மைல் நடந்தால் செயின்ட் கிராஸ். கவிஞர் கீட்ஸ் 1819 செப்டம்பரில் இந்த வழியில் நடந்துபோனபோதுதான் இலையுதிர்காலத்தைப் பற்றிய கவிதை பிறந்தது. செயின்ட் கிராஸ் 1130-களில் தொடங்கிய முதியோர் தருமசாலை. இன்றும் வழிப்போக்கர் யார் கேட்டாலும் வாசலில் ஒரு சிறு துண்டு ரொட்டியும் ஒரு சிறு கோப்பை பியரும் தருகிறார்கள். கேட்டால்தான் தருவார்கள், வாய்திறந்து கேளுங்கள். என் அப்பா ரொட்டியை மட்டும் வாங்கி இரண்டு கையிலும் ஏந்திச் சாப்பிட்டார். அன்று பார்த்த எல்லாவற்றையும்விட அவர் ஊரில் போய்ச் சொன்னது அதைத்தான்.

அம்மாவுக்கு முட்டி வலி, வெளிச் சாப்பாடும் ஒத்துக்காது. என்ன பண்றது?

ஸ்ட்ராட்ஃபர்டு பெரும்பாலும் சமதளம், அவர்களுக்குச் சரி. ரை ஊரில் மெர்மெய்டு தெரு கூழாங்கல் பாவிய ஏற்றம், ஹாவர்த்தின் பிரதானத் தெருவும் செங்குத்து. அவற்றைத் தவிருங்கள். சாப்பாட்டுக்குப் புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவதில் எந்தக் குறையும் இல்லை. ஆற்றோரப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம். வெளியே என்றால் சுட்ட உருளைக்கிழங்கில் பீன்ஸும் சீஸும் போட்டது எல்லா ஊரிலும் கிடைக்கும், காரமில்லாத சூடான சாப்பாடு. சின்னச் சர்ச்சுகளில் கழிப்பறை இருக்காது, ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராட்ஃபர்டுல ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்த்தாச்சு. சர்ச்சுக்கும் போகணுமா?

வீட்டை விட்டாலும் சர்ச்சை விடாதீர்கள். ஏவன் ஆற்றங்கரையில் இருக்கும் ஹோலி டிரினிட்டி சர்ச். 1564 ஏப்ரல் 26 அன்று அவருக்கு ஞானஸ்நானம் நடந்ததும் 1616 ஏப்ரல் 25 அன்று அவரைப் புதைத்ததும் இங்கேதான். இரண்டுமே சர்ச் பதிவேட்டில் இருக்கின்றன. பிறந்த தேதி என்று நாம் சொல்லும் ஏப்ரல் 23-க்கு எழுத்துச் சான்று இல்லை, ஞானஸ்நானத்தை வைத்துக் கணித்ததுதான்.

கல்லறை பலிபீடத்தின் முன்னால், தரையில். அந்த இடம்வரை போக ஒரு சிறு தொகை கேட்பார்கள். கல்லில் பெயர் கிடையாது. நான்கு வரிப் பாட்டு மட்டும்: இங்கே மூடியிருக்கும் மண்ணைத் தோண்டாதே, இந்தக் கல்லை விட்டுவைப்பவனுக்கு ஆசி, என் எலும்பை நகர்த்துபவனுக்குச் சாபம். பழைய எலும்பை எடுத்துவிட்டுப் புதுப் பிணத்துக்கு இடம் பண்ணுவது அந்தக் காலத்து வழக்கம், அந்தப் பயம்தான் காரணம். பக்கத்தில் மனைவி ஆன், மகள் சூசன்னா.

தரையெல்லாம் கல்லறையா இருக்கு. மிதிக்கவே மனசு வரலை. தப்பில்லையா?

எனக்கும் முதலில் கால் கூசியது. இங்கே அதைத் தவறாக நினைப்பதில்லை. சர்ச்சுக்குள் புதைக்கப்படுவதைப் பெருமையாக நினைத்தார்கள், மேலே ஆட்கள் நடப்பார்கள் என்று தெரிந்தேதான் கேட்டார்கள். இரண்டு மூன்று நூற்றாண்டுக் காலடியில் எழுத்து தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். கயிறு கட்டியிருந்தாலோ பூ வைத்திருந்தாலோ சுற்றிப் போங்கள். வெளியே புல்லில் இருக்கும் கல்லறைகளில் நடுவே விட்ட பாதையில் நடந்தால் போதும். கல்மேல் உட்காராதீர்கள், பையையும் வைக்காதீர்கள்.

பிரான்ட்டி சகோதரிகள் ஊர் ஹாவர்த், லண்டன்ல இருந்து ஒரே நாள்ல போய் வரலாமா?

போய்வந்தவர்கள் உண்டு, நான் சொல்லமாட்டேன். லீட்ஸிலோ பிராட்ஃபர்டிலோ மான்செஸ்டரிலோ சொந்தக்காரர் இருந்தால் அங்கே தங்கிப் போங்கள். லீட்ஸிலிருந்து கீலி வரை அரைமணி நேர ரயில், அப்புறம் பஸ். சீசனில் கீலியிலிருந்து பழைய நீராவி ரயிலிலும் போகலாம்.

நாவல் எழுதிய ஷார்லட், எமிலி, ஆன் மூவரின் அப்பா பேட்ரிக் பிரான்ட்டி அந்த ஊர்ப் பாதிரியார். அவர்கள் இருந்த வீடு 1928 முதல் அருங்காட்சியகம். வாசல் ஜன்னலைத் திறந்தால் எதிரே இடுகாடு. அந்த இடுகாட்டை மெதுவாகச் சுற்றுங்கள். படுக்கைவாட்டில் பெரிய கற்கள், பாய் விரித்தது மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும். ஒவ்வொரு கல்லிலும் ஐந்து, ஆறு பெயர். பாதிக்கு மேல் குழந்தைகள். ஊர்த் தண்ணீர் சரியில்லை என்று பேட்ரிக்தான் அரசுக்கு எழுதி அதிகாரியை வரவழைத்தார். 1850-இல் வந்த அந்த அறிக்கை, ஊரில் சாகிறவர்களின் சராசரி வயது 25.8 என்றும், நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஆறு வயதாகும் முன்பே சாகிறார்கள் என்றும் சொன்னது. சாக்கடையும் இடுகாட்டு நீரும் குடிதண்ணீரில் கலந்ததைக் காரணமாகக் காட்டியது.

அறிக்கை வருவதற்கு முன்பே அவர்களுடைய சகோதரன் பிரான்வெல்லும் எமிலியும் 1848-இலும், ஆன் 1849-இலும் போய்விட்டார்கள். ஷார்லட் 1855-இல். ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்து பேட்ரிக் 1861 வரை, 84 வயதுவரை இருந்தார். எமிலியும் ஷார்லட்டும் சர்ச்சுக்குள் குடும்ப நிலவறையில் இருக்கிறார்கள். ஆன் மட்டும் ஸ்கார்பரோ கடற்கரை ஊரில், இறந்த இடத்திலேயே. இன்றைய சர்ச் 1879-க்குப் பிறகு கட்டியது, பழையதில் மிஞ்சியது கோபுரத்தின் அடிப்பகுதிதான். இது தெரியாமல் போய் "அவர்கள் உட்கார்ந்த பெஞ்ச் எது?" என்று தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரிய எழுத்தாளர்னு சொல்றீங்க, கல்லறையில பேரே காணோமே?

ஜேன் ஆஸ்டின், ஷேக்ஸ்பியர் பதில்களில் பார்த்தீர்கள் அல்லவா? இன்னும் இரண்டு சொல்கிறேன், இரண்டும் ரெடிங்குக்கு அருகே.

ஒன்று ஸ்டோக் போஜிஸ், ஸ்லவ் ஸ்டேஷனிலிருந்து பஸ் தூரம். கிராமத்து இடுகாட்டைப் பற்றி 1751-இல் வெளியான தாமஸ் கிரேயின் இரங்கற்பா இந்த ஊரோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. சர்ச்சின் கிழக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு செங்கல் கல்லறை, அம்மாவுக்காக அவர் எழுதிய வரி அதன்மேல். பல பிள்ளைகளை அக்கறையோடும் கனிவோடும் வளர்த்த தாய், அவர்களில் ஒருவனுக்கு மட்டும் அவளுக்குப் பின்னும் உயிரோடு இருக்கும் துர்பாக்கியம் வாய்த்தது என்று பொருள். பன்னிரண்டு பிள்ளைகளில் பிழைத்தது இவர் ஒருவர்தான். 1771-இல் அவரையும் அதிலேயே வைத்தார்கள். அவர் பெயர் அந்தக் கல்லில் இல்லை, எதிரே சர்ச் சுவரில் இருக்கும் பலகையைப் பார்த்தால்தான் தெரியும். கல்லூரியில் அந்தக் கவிதையை மனப்பாடம் செய்த பெரியவர்களை அழைத்துப் போங்கள். அங்கே போனதும் வரிகள் தானாக வரும், என் சித்தப்பாவுக்கு வந்தன.

இன்னொன்று சட்டன் கோர்ட்னி, டிட்காட் ஸ்டேஷனிலிருந்து சுமார் 3 மைல். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்னக் கல்லில் எரிக் ஆர்தர் பிளேர், பிறப்பு 1903, இறப்பு 1950 என்று மட்டும் இருக்கும். அவர்தான் ஜார்ஜ் ஆர்வெல், பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். புனைபெயரைத் தேடினால் கிடைக்காது, பிளேர் என்று தேடுங்கள்.

கதையில வர்ற இடம் இதுதான்னு போர்டு வெச்சிருக்காங்களே, நம்பலாமா?

பாதி நம்பலாம். எழுத்தாளர் ஓர் இடத்தைப் பார்த்திருப்பார், எழுதும்போது மாற்றியிருப்பார். கென்ட்டில் கூலிங் என்ற சிற்றூர் நல்ல எடுத்துக்காட்டு. டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' தொடங்கும் இடுகாட்டில், சிறுவன் பிப்பின் ஐந்து தம்பிகளுக்கு ஐந்து சின்னக் கற்கள் வரும். கூலிங் சர்ச் வாசலில் உண்மையாகவே குழந்தைகளின் கற்கள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் பதின்மூன்று. படிப்பவர்கள் தாங்கமாட்டார்கள் என்று எண்ணிக்கையைக் குறைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொன்றும் என் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை வைத்தால் அதைவிடக் கொஞ்சம்தான் கூட.

உள்ளே ஒரு சின்ன அறை இருக்கிறது, பாதிரியார் அங்கி மாட்டும் அறை. சுவர் முழுக்கக் கடல் சிப்பி பதித்திருப்பார்கள், ஆயிரக்கணக்கில். குழந்தைகளைக் கூட்டிப்போனால் வெளியே வரமாட்டார்கள். ராச்செஸ்டரிலிருந்து கார் இருந்தால் எளிது, பஸ்ஸை நம்பாதீர்கள்.

அவ்வளவு தூரம் போய் சர்ச் பூட்டியிருந்தா?

வாசல் பலகையைப் படியுங்கள். சாவி எந்த வீட்டில் இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். கதவு கனமானது. இரும்பு வளையத்தைத் திருப்பித் தோளால் தள்ளாமல் "பூட்டியிருக்கிறது" என்று திரும்பி வந்தவர்களும் உண்டு.

கல்லில் பாசி, எழுத்தே தெரியலை. சுரண்டிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். சுரண்டினால் பாசியோடு எழுத்தும் உதிரும். தண்ணீர் ஊற்றுவது, சாக்பீஸ் தேய்ப்பது எதுவும் கூடாது. செல்போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து, எழுத்துக் குழியில் நிழல் விழச் செய்யுங்கள். படம் எடுத்து வீட்டில் பெரிதாக்கிப் படிக்கலாம்.

தாமஸ் ஹார்டிக்கு ரெண்டு கல்லறைங்கறாங்க. எது நிஜம்?

இரண்டும். நாவலாசிரியரும் கவிஞருமான ஹார்டி 1928-இல் இறந்தபோது நாட்டின் பெரிய மனிதர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் அபேதான் தகுதி என்றார்கள். அவரோ சொந்த ஊர் ஸ்டின்ஸ்ஃபர்டு சர்ச்சில் குடும்பத்தோடு புதைக்கச் சொல்லியிருந்தார். கடைசியில் அஸ்தி அபேக்கும், இதயம் மட்டும் ஸ்டின்ஸ்ஃபர்டில் முதல் மனைவி எம்மா அருகிலும் போயின. டார்ச்செஸ்டரிலிருந்து நடந்து போகலாம். ஆனால் லண்டனிலிருந்து டார்ச்செஸ்டருக்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல், காலையிலேயே கிளம்ப வேண்டும்.

ஜி.யு.போப் கல்லறை ஆக்ஸ்ஃபர்டுல இருக்காமே? "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்"னு எழுதியிருக்காங்களாமே?

கல்லறை இருக்கிறது. அந்த வரி இல்லை. நம் மேடைகளில் பல காலமாகச் சொல்லப்படும் கதை அது. தேடிப் போய்க் காணாமல் வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லில் ஆங்கிலத்தில் இருப்பது வேறு: தென்னிந்தியாவின் போப், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், 1820-இல் பிறந்து 1908-இல் மறைந்தவர், இந்தக் கல்லை அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் வைத்தார்கள் என்று. எனக்கு அந்தக் கதையைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. அத்தனை தூரத்திலிருந்து நம்மவர்கள் பணம் அனுப்பி வைத்த கல் அது.

வால்டன் தெருவில் செயின்ட் செபல்கர் இடுகாடு. ஆக்ஸ்ஃபர்டு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். தெருவிலிருந்து ஒரு குறுகிய சந்து உள்ளே போகும், கவனிக்காவிட்டால் தாண்டிவிடுவீர்கள். போப்பைப் பார்த்த பிறகு அதே இடுகாட்டில் பெஞ்சமின் ஜோவெட்டின் கல்லையும் தேடுங்கள். பேலியல் கல்லூரித் தலைவர், 1893-இல் இறந்தவர். திருவாசகத்தை மொழிபெயர்த்து அச்சிட வேண்டும் என்று ஜோவெட் சொன்னபோது, அதை முடிக்கும் அளவுக்கு இனி ஆயுள் எங்கே இருக்கிறது என்று போப் தயங்கினார். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நெடுநாள் வாழும் வழி, முடிக்கும்வரை நீங்கள் இருப்பீர்கள் என்றார் ஜோவெட். இதைப் போப்பே முன்னுரையில் எழுதியிருக்கிறார். புத்தகம் 1900-இல் வந்தது. போப்புக்கு அப்போது எண்பது வயது.